ஓரத்தால் தொடங்குகிற பிள்ளைகளுக்கு

யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயங்களிலும் பாடசாலை அணிகளுக்குச் சதுரங்கம் ஆடுகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

2024 டிசெம்பரில் குகேஷ் உலகச் சம்பியனான கடைசி ஆட்டத்தை நீங்கள் போனில் ஒருதரமல்ல, பலதரம் பார்த்திருப்பீர்கள். எதிராளி டிங் லிரென் கோட்டையை எஃப்2இல் கொண்டுபோய் வைத்தது, குகேஷின் முகம் மாறியது, பிறகு அழுதழுது காய்களை அதனதன் இடத்தில் திருப்பி அடுக்கியது எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். நான் எழுத வந்தது அதற்கு நான்கு நாள் முந்தி, டிசெம்பர் 8ஆம் திகதி, அதே சிங்கப்பூரில் ஆடிய 11ஆவது ஆட்டத்தைப் பற்றி. 29 நகர்த்தல்தான். அதைப் பலகையில் வைத்து ஆடிப் பார்த்தவர் உங்களில் எத்தனை பேர்?

அதுவரை தொடர்ந்து ஏழு ஆட்டம் சமநிலை. புள்ளி 5–5. இன்னும் நான்கு ஆட்டம்தான் மீதி. வெள்ளைக்காய் குகேஷுக்கு. குதிரையை எஃப்3க்கு எடுத்தார். டிங் நடுச் சிப்பாயை டி5க்குத் தள்ளினார். குகேஷ் சி4. டிங் அந்தச் சி4 சிப்பாயை வெட்டாமல், தன்னுடையதை இன்னும் ஒரு கட்டம் முன்னேற்றி டி4இல் குத்தி நிறுத்தினார். மூன்றாவது நகர்த்தலாகக் குகேஷ் பி4 வைத்தார்.

நடுவில் எதிராளியின் சிப்பாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க, இவர் ஓரத்தில் என்ன செய்கிறார்? இதைத்தான் உங்களோடு கொஞ்சம் ஆறுதலாகக் கதைக்க வேண்டும். வலய மட்டப் போட்டிகளில் நான் பார்க்கிற பலகைகளில் இப்போது பாதிக்குக் கிட்ட எஃப்3 குதிரையோடோ சி4ஓடோ ஜி3ஓடோதான் தொடங்குகின்றன. அந்தப் பிள்ளைகளிடம் காரணம் கேட்டால் பதில் வருவதில்லை.

ஒரு போட்டியில் நடந்தது இது. ஊரும் பேரும் வேண்டாம். பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிரிவில் ஒரு தங்கச்சி சி4 வைத்து, ஆட்டத்தைச் சமநிலையில் முடித்துவிட்டு வெளியே வந்தாள். கூட்டிவந்த ஆசிரியர் பதிவுத்தாளை வாங்கிப் பார்த்தார். "உதென்ன பிள்ளை? நடுச் சிப்பாயைத் தள்ளு எண்டுதானே சொல்லி விட்டனான். ஏன் உதை வச்சனீ?" அவள் தாளைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். கடைசியில், "யூடியூப்பில பாத்தனான் சேர்" என்றாள். ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. ஏன் சி4? அதற்கு ஒரு பதில் வைத்துக்கொண்டுதான் கையைக் காயில் வைக்க வேண்டும்.

குகேஷிடம் பதில் இருந்தது. டி4இல் வந்து நிற்கிற கறுப்புச் சிப்பாய்க்கு முண்டுகொடுக்கக் கறுப்பு வழமையாகச் செய்வது சி5. பி4 அந்தச் சி5 கட்டத்தை முன்கூட்டியே குறிவைக்கிறது. டிங் அப்படியும் சி5 வைத்தார். உடனே ஈ3, டி4 சிப்பாய் மேல் இன்னொரு பக்கத்தால் இடி. பார்த்தீர்களா, ஓரத்தால் வந்த ஒவ்வொரு நகர்த்தலும் நடுவைப் பற்றித்தான் பேசுகிறது. எஃப்3 குதிரை டி4ஐயும் ஈ5ஐயும் பார்க்கிறது, சி4 சிப்பாய் டி5ஐப் பார்க்கிறது, பி4 சி5ஐ. ஒருவரும் நடுவில் குந்தவில்லை, எல்லோருடைய கண்ணும் நடுவில்.

டிங் தொடக்கத்திலேயே அரை மணித்தியாலத்துக்கு மேல் யோசனையில் மூழ்கிவிட்டார். இந்தப் போட்டியில் முதல் 40 நகர்த்தலுக்கு இரண்டு மணித்தியாலம். நீங்கள் ஆடுகிற போட்டிகளில் போல ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மணிக்கூட்டில் செக்கன் கூடிக்கொண்டு போகாது, அது 41ஆவதில் இருந்துதான். ஆகவே அரை மணித்தியாலம் என்பது சின்னச் செலவில்லை. குகேஷும் லேசில் தப்பவில்லை. 11ஆவது நகர்த்தலுக்கு மட்டும் ஒரு மணித்தியாலத்தை ஒட்டிச் செலவழித்தார். வைத்தது என்ன? ஜி3. பார்க்க ஒன்றுமில்லாத சின்ன நகர்த்தல். அந்த நேரம் வெள்ளையில் ராணியைத் தவிர வேறு ஒரு காயும் வெளியே வந்திருக்கவில்லை. எஃப்3 குதிரையைக் கறுப்பு மந்திரி வெட்டிவிட்டது, மற்றவையெல்லாம் வீட்டில். இப்படி ஒரு நிலையை உங்கள் பதிவுத்தாளில் எந்தப் பயிற்றுநர் கண்டாலும் சிவப்புப் பேனையை எடுத்துவிடுவார்.

இனி அந்தப் பி சிப்பாயை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். மூன்றாவது நகர்த்தலில் பி4. பத்தாவதில் பி5, அதோடு கறுப்பின் ராணிப்பக்கக் குதிரைக்கு இயல்பான வீடான சி6 பறிபோயிற்று, அது டி7 பக்கமாகச் சுற்றிப் போனது. பதினேழாவதில் பி6, கறுப்பு ராணியின் மூக்குக்கு நேரே. 22ஆவதில் டிங்கின் ராணி அதை வெட்டிவிட்டது. ஒரு சிப்பாய் போய்விட்டது என்று நீங்கள் கவலைப்படுகிற இடம் அது. குகேஷ் மறு நகர்த்தலிலேயே கோட்டையை பி1க்குக் கொண்டுவந்தார். சிப்பாய் செத்த வழி இப்போது திறந்த தெரு. 24ஆவதில் அந்தக் கோட்டை பி5இல் ஏறியது. குதிரை ஏ1 மூலைக்குப் பின்வாங்கி, பி3 வழியாக சி5க்குப் போய்ச் சேர்ந்தது. மூலைக்குப் போகிற குதிரையைப் பார்த்தால் உங்கள் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். 28ஆவதில் மற்றக் கோட்டையும் பி1க்கு வந்து முதல் கோட்டைக்குப் பின்னால் நின்றது. கறுப்பின் பி7 சிப்பாய் மேல் இரண்டு கோட்டை, ஒரு குதிரை, மூலைவிட்டத்தில் ஈ4 ராணியும் அதற்குப் பின்னால் ஜி2 மந்திரியும். நேரமும் குறைந்துகொண்டிருந்த டிங் ராணியை சி8இல் வைத்தார். குகேஷின் ராணி சி6இல் நின்ற குதிரையை வெட்டியது. பி7 சிப்பாய் ராணியை எடுத்தால் பி8 கோட்டை போகும், அதோடு சி8 ராணியும் ராஜாவுக்கு முன்னால் கட்டுப்பட்டுப்போகும். டிங் ஆட்டத்தைக் கைவிட்டார்.

அந்தச் சி6 கட்டத்தைக் கவனியுங்கள். பி5 வந்தபோது ஒரு குதிரைக்கு மறுக்கப்பட்ட கட்டம் அது. மற்றக் குதிரை ஊரெல்லாம் சுற்றி 20ஆவது நகர்த்தலில் அங்கே வந்து குந்தியது, அங்கேயே வெட்டுப்பட்டது.

இதில் இன்னொரு விசயம். எஃப்3 குதிரை, சி4, பி4 என்ற இதே மூன்று நகர்த்தலை, இதே வரிசையில், சரியாக நூறு வருசத்துக்கு முந்தி ஒருவர் உலகச் சம்பியனுக்கு எதிராக ஆடியிருக்கிறார். 1924 மார்ச் 22, நியூயோர்க். வெள்ளை றிச்சர்ட் றெற்றி, கறுப்பு கியூபாவின் கப்பாபிளாங்கா. கப்பாபிளாங்கா அதற்கு முன்னர் எட்டு வருசமாக ஒரு ஆட்டமும் தோற்றிருக்கவில்லை. றெற்றி முப்பத்தைந்தைக்கூட எட்டாத மனுசன். நடுவைச் சிப்பாய்களால் நிரப்பினால்தான் நடு உன்னுடையது என்று ராறாஷ் போன்ற பெரியவர்கள் சொல்லிவைத்ததை அவரும் நிம்சோவிச்சும் இன்னும் சிலரும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு மந்திரியையும் இரண்டு நீள மூலைவிட்டத்தில் நிறுத்தி, நடுவைத் தூரத்தில் இருந்து சுட்டார். டி4 என்று அவர் நடுவில் கைவைத்தது எத்தனையாவது நகர்த்தலில் தெரியுமா? பதினாறாவதில். அதன் பிறகு கப்பாபிளாங்காவின் ராணிக்குப் போக்கிடமே இல்லை. சி4இல் ஒரு சிப்பாயைத் தின்றுவிட்டு அது பலகை முழுக்க அலைந்தது. 31ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. அந்தப் போட்டியில் முதலிடம் லாஸ்கருக்கு, கப்பாபிளாங்கா இரண்டாவது. இன்றைக்கு எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது ஐந்தாவதாக வந்த றெற்றியின் ஆட்டங்கள்.

(அதே நியூயோர்க் போட்டியில்தான் தார்த்தகோவர் என்ற குறும்பர் மிருகக்காட்சிசாலைக்குப் போய் ஒரு ஒராங்குட்டானைப் பார்த்துவிட்டு வந்து, முதல் நகர்த்தலாகவே பி4 வைத்தார். அந்தத் தொடக்கத்துக்கு இன்றைக்கும் ஒராங்குட்டான் என்றுதான் பெயர். நீங்கள் முதல் நகர்த்தலில் பி4 வைக்க வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. சிரிக்கத்தான்.)

இனி உங்கள் பலகைகளுக்கு வருகிறேன். நான் காண்கிற ஆட்டம் பெரும்பாலும் இப்படித்தான்: எஃப்3இல் குதிரை, ஜி3, ஜி2இல் மந்திரி, காஸ்லிங், டி3. இந்த ஐந்தையும் முதல் ஒரு நிமிசத்துக்குள் வைத்து முடித்துவிடுகிறீர்கள். எதிர்ப்பக்கத்தில் பிள்ளை என்ன வைக்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பதில்லை. பிறகு ஆறாவது நகர்த்தலில் முதன்முதலாகப் பலகையைப் பார்த்தால், கறுப்புச் சிப்பாய்கள் டி5இலும் ஈ5இலும் சோடியாக நிற்கும், உங்களுக்கு மூச்சுவிட இடமில்லை. இது உயர்தரப் பரீட்சைக்கு ஊக வினாத்தாளை மட்டும் பாடமாக்கிக்கொண்டு போவது போன்றது. வந்தால் சரி, வராவிட்டால் கையைப் பிசைவதுதான். றெற்றியும் குகேஷும் நடுவை எதிராளிக்குக் கொடுத்தது, கொடுத்ததைத் திருப்பி உடைக்கிற நேரம் எப்போது என்ற கணக்கோடு. நீங்கள் கொடுத்துவிட்டு அதை மறந்தே போகிறீர்கள்.

மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்திலேயே சிறந்த உதாரணம் 1970இல் பெல்கிரேட்டில் கிடைத்தது. சோவியத் அணியும் உலக அணியும் மோதின. முதல் பலகையில் டென்மார்க்கின் லார்சன், கறுப்பில் அப்போதைய உலகச் சம்பியன் ஸ்பாஸ்கி. லார்சன் பி3 என்று ஓரத்தால் தொடங்கினார். அவர் ஒன்றும் சின்னப் பேர்வழி இல்லை, பி3 அவருடைய பெயரிலேயே வழங்குகிற தொடக்கம். ஆனால் அன்றைக்கு ஸ்பாஸ்கி ஈ5 வைத்து, நாலாவது நகர்த்தலில் ஈ4 என்று தள்ளிக் குதிரையைக் கலைத்தார். அந்தக் குதிரை மூன்று நகர்த்தலைச் செலவழித்துத் தன்னைத்தானே மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. லார்சனின் ராணிப்பக்கக் கோட்டையும் குதிரையும் ஆட்டம் முடியும்வரை பிறந்த கட்டத்தை விட்டு அசையவில்லை. ராஜா காஸ்லிங் செய்யவில்லை. 14ஆவது நகர்த்தலில் ஸ்பாஸ்கி கோட்டையை எச்1இல் கொண்டுபோய்ப் பலிகொடுத்து ஒரு சிப்பாயை ஜி2க்கு நகர்த்தினார். 17ஆவதில் எல்லாம் முடிந்தது. இந்த ஆட்டத்தை ஓரத் தொடக்கம் ஆடுகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒருக்கால் முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும். குகேஷின் ஆட்டத்தை விடவும் இதை.

சிங்கப்பூரிலேயே இரண்டு பக்கமும் நடந்தது. 11ஆவது ஆட்டத்தின் மறுநாள் டிங் சி4 வைத்துத் தொடங்கி, 39 நகர்த்தலில் குகேஷை நசுக்கினார். அந்தப் போட்டியில் அவர் ஆடிய ஆட்டங்களில் ஆக வடிவானது அதுதான் என்பேன். பிறகு கடைசி ஆட்டத்திலும் எஃப்3 குதிரை, ஜி3 என்றே போனார். 55ஆவது நகர்த்தலில் அந்தக் கோட்டைப் பிழை, 58இல் பட்டம் கைமாறியது. கடைசி நான்கு ஆட்டத்தில் மூன்று ஓரத்தால் தொடங்கியவை, மூன்றிலும் வெற்றி தோல்வி வந்தது, வெள்ளை இரண்டில் வென்று ஒன்றில் தோற்றது. 2013 நவம்பரில் சென்னையில் கார்ல்சன் ஆனந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இதே குதிரையோடும் ஜி3ஓடும் வந்து ஒன்றுமே பெறவில்லை. கறுப்புக் குதிரை ஒன்று அவருடைய ராணியைத் திரும்பத் திரும்ப விரட்ட, 16ஆவதில் சமநிலைக்குக் கைகொடுத்தார்கள். தொடக்கம் ஆளைக் காப்பாற்றாது.

அப்படியானால் ஏன் ஆடவேண்டும்? எங்கள் தலைமுறையின் காரணத்தைச் சொல்கிறேன். 1990களில், இங்கே மின்சாரமும் இல்லாமல் பாதையும் இல்லாமல் இருந்த வருசங்களில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் ஆடிப் பழகினவர்கள் நாங்கள். சதுரங்கப் புத்தகம் குதிரைக்கொம்பு. யாராவது ஒருவர் கையில் ஒரு நல்ல ஆட்டம் அகப்பட்டால் கொப்பியில் பார்த்தெழுதி, அந்தக் கொப்பி வீடு வீடாகப் போகும். சிசிலியனும் ருய் லோபெசும் இருபது நகர்த்தல்வரை பாடமாக்கிய ஆள் எதிரே வந்து குந்தினால் நாங்கள் என்ன செய்வது? ஓரத்தால் போவோம். எங்களுக்கும் தெரியாத, அவனுக்கும் தெரியாத இடத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போவதற்கு. அது ஏழையின் தந்திரம், ஆனால் கெட்ட தந்திரம் இல்லை. அங்கே போனபின் இரண்டு பேரும் சொந்த மூளையால்தான் ஆட வேண்டும்.

உங்கள் நிலைமை வேறு. கொழும்புப் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் கிடைக்கிற அதே எஞ்சின், அதே ஆட்டத் தொகுப்பு, நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகில் வந்து இறங்குகிற பிள்ளையின் போனிலும் இருக்கிறது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிற காலத்தில் தெரியாத இடத்துக்குப் போவதன் பெறுமதி கூடித்தான் இருக்கிறது. குகேஷ் அன்றைக்குச் செய்ததும் அதுவே. கஸ்பரோவ் 1987 டிசெம்பரில் செவியாவில் செய்ததும் அதுவே: கடைசி ஆட்டத்தை வென்றேயாக வேண்டும், தவறினால் பட்டம் கார்ப்போவுக்கு. அப்படியான நாளில் அவர் சி4, குதிரை, பி3 என்று மெல்லத் தொடங்கினார். காய்களை மாற்ற அவசரப்படவில்லை, பதறவில்லை. ஆட்டம் இடைநிறுத்தப்பட்டு அடுத்த நாள் தொடர்ந்து, 64ஆவது நகர்த்தலில் வென்றார். 12–12, பட்டம் அவரிடமே நின்றது. வெல்ல வேண்டும் என்றால் பாய வேண்டும் என்று நினைக்கிற தம்பிமாருக்கு இந்த ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். நீளம் கூட, பொறுமை வேண்டும்.

இவர்களைக் கூட்டிவருகிற ஆசிரியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போதுதான் காயைப் பிடிக்கப் பழகுகிற பிள்ளைக்கு ஈ4, டி4 என்று நடுவைப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. திறந்த ஆட்டத்தில் அடிபட்டு எழும்பாத பிள்ளைக்கு மூடிய ஆட்டம் விளங்காது. ஆனால் ஒரு பிள்ளை தானாக சி4 வைத்துக்கொண்டு வந்தால், தாளைப் பறிக்காமல், பன்னிரண்டாவது நகர்த்தலில் ஏன் டி4 உடைக்கவில்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் முழுப் பாடமும் இருக்கிறது. பெற்றோருக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. குகேஷ் நாலாம் வகுப்போடு முழுநேரப் பள்ளிக்குப் போவதை நிறுத்தியவர் என்ற செய்தியைப் பிள்ளைகள் வீட்டில் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நடக்கிற ஊரில் அதைச் சொல்லிவிட்டு நான் தெருவால் போக முடியாது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இப்போது ஒரு வேலை தருகிறேன். 11ஆவது ஆட்டத்தைப் பலகையில் வையுங்கள், போனில் அல்ல. வெள்ளை பத்தாவது நகர்த்தலாகப் பி5 வைத்ததும் நிறுத்துங்கள். கறுப்பின் முறை. கறுப்பு ராஜா இன்னும் நடுவில், டி4இல் முன்னேறி நிற்கிற ஒரு சிப்பாய், கறுப்புக்கு ஒரு மந்திரி, வெள்ளைக்கு இரண்டு. டிங் குதிரையை டி7க்கு எடுத்தார். நீங்களானால் என்ன செய்வீர்கள்? ராஜாவை எந்தப் பக்கம் கொண்டுபோவீர்கள், டி4 சிப்பாயை ஈ5ஆல் தாங்குவீர்களா, இல்லை விட்டுவிடுவீர்களா? எஞ்சினைத் திறக்காமல் இருபது நிமிசம் மணிக்கூட்டை வைத்து யோசித்து, கொப்பியில் ஒரு பக்கம் எழுதுங்கள். பிழையாக இருக்கட்டும். அடுத்த வலயப் போட்டிக்கு வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுவாருங்கள். நான் வழமைபோல நடுவர் மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். முதல் சுற்றுக்கும் இரண்டாவது சுற்றுக்கும் இடையில் சாப்பாட்டு நேரம் இருக்கிறதுதானே, அதற்குள் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
வடமராட்சியில் இருந்து ஒரு பழைய சதுரங்கக்காரன்